கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்



பெரியோர் வாழ்க்கை வரலாறுகளைக் கற்றல், நம் வாழ்க்கையை நாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளுதற்கு உற்ற துணையாகும். இம்மாதம் யான் எழுத எடுத்துக்கொண்டது, கொடுமுடி கோகிலம் எனத் தமிழுலகம் போற்றிய சுந்தராம்பாள் அம்மையாரின் வரலாறாகும். அவ்வம்மையார் நம் குலத்திற் பிறந்தவரல்லர். ஆயினும் அவர் வரலாறு நம் இல்லங்களுக்கு மிக நெருங்கிய தொன்று. தம் தொழிலின் வருவாயால் தம்மைச் சார்ந்தாரைத் தாங்கிய ஒரு பெண், தாம் புகுந்த இல்லத்தில் அமைதியாக அமர ஓரிடம் பெறாது வருந்திய வரலாறு அஃது. நம் சித்தேரி மலையூர்களிற் பிறந்த பெண்மக்கள் இக்காலத்தே கல்வி கற்றுச் செவிலியராகவும் ஆசிரியராகவும் ஆலைத் தொழிலாளராகவும் சமவெளிக்குச் சென்று பொருளீட்டி வருகின்றனர். ஆதலின் இவ்வரலாற்றை நாம் கருத்தூன்றிக் கேட்டல் வேண்டும்.

நம் மாவட்டத்து ஒகேனக்கல்லிற் பாறைகளினின்று இரைந்து வீழும் காவிரி, மேட்டூரையும் பவானியையும் ஈரோட்டையும் கடந்து கொடுமுடியை அடைகின்றது. அதுகாறும் தெற்கு நோக்கி ஓடிவந்த ஆறு, அவ்விடத்தே கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. ஆற்றங்கரையில் மகுடேசுவரர் திருக்கோயில் கொண்டுள்ளார். தேவாரப் பாடல் பெற்ற பழம்பதியாகிய அவ்வூரில் 1908 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடி என்னும் ஊர்ப்பெயரும் பாலாம்பாள் என்னும் தாயின் பெயருமே பிற்காலத்தில் அவர் பெயரின் முன் முதலெழுத்துக்களாக நின்றன. தந்தையின் பெயரை முன்னிடும் நாட்டிலே, தாயின் பெயரைத் தம் பெயரொடு சேர்த்து உலகெங்கும் கொண்டு சென்ற பெருமை இவர்க்கு உண்டு. கனகசபாபதி என்னும் ஆண்மகவும் சுப்பம்மாள் என்னும் பெண்மகவும் இவரோடு உடன்பிறந்தோர் ஆவர்.

அக்குடும்பத்தை வறுமை வாட்டியது. பாலாம்பாள் ஆண்துணையின்றி மூன்று குழந்தைகளை வளர்க்கும் கடமையைத் தாமே தாங்கினார். சிறுமி சுந்தராம்பாளுக்கு இளமையிலேயே இனிய குரல் வாய்த்திருந்தது. பள்ளியிற் பயின்று பெற்ற பயிற்சியன்று அது; கேட்டதைக் கேட்டவாறே பாடவல்ல இயற்கைத் திறன். புகைவண்டியிற் பாடிச் சென்ற அச்சிறுமியின் குரலை, திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாக இருந்தவரும் நாடகக்கலையிற் பேரார்வம் உடையவருமாகிய எஃப். ஜி. நடேச ஐயர் கேட்டு வியந்தார் என்பதும், அவர் வாயிலாகவே அச்சிறுமி நாடக மேடையை அடைந்தார் என்பதும் வழிவழியாக வழங்கும் செய்திகளாம்.

வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவிலே சுந்தராம்பாள் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்திற் பசியால் வாடும் மைந்தனாக வேடம் பூண்டு பாடிய பாட்டே அவர்க்கு முதற்புகழை ஈட்டித் தந்தது. நல்லதங்காள் கதையை நம்மவர் அனைவரும் அறிவர். பஞ்சத்தாற் கணவன் வீட்டில் வாழ இயலாது, பிறந்தகத்தை நாடிச் சென்று, அண்ணன் மனைவியால் அவமதிக்கப்பட்டு, தன் மக்கள் எழுவரையும் கிணற்றில் வீழ்த்தித் தானும் மாண்டாள் ஒரு தாய். புகுந்த வீடும் பிறந்த வீடும் ஒருங்கே கைவிட்ட பெண்ணின் கதை அஃது. பசியை நன்கறிந்த ஒரு சிறுமி மேடையேறிப் பசியைப் பாடினாள். அவையோர் கண்ணீர் உகுத்தனர். அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. இங்ஙனம் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தின் உணவு அவர் தொண்டையைச் சார்ந்ததாயிற்று.

அந்நாளைய நாடகத் தொழிலின் கடுமையை இக்காலத்தார் எளிதில் உணரார். ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பாரும் கேட்குமாறு, நடிகர் தம் குரல் ஒன்றையே நம்பிப் பாடல் வேண்டும். இரவு தொடங்கும் நாடகம் விடியுங்காறும் நிகழும். வழங்கிய கைதட்டலைப் பொறுத்து ஒரு பாட்டையே மீண்டும் மீண்டும் பாடவும் நேரும். பொழுது புலர்ந்தபின் சிறிது கண்ணயர்ந்து, புகைவண்டி ஏறி, அடுத்த ஊரில் அடுத்த இரவு மேடையேறல் வேண்டும். தொண்டை கட்டினால் அன்றைய வருவாயும் கட்டிவிடும். இத்துணை உழைத்தும் நாடகப் பெண்ணைக் கூத்தாடி என்று இகழ்வோரே பலர். இரவெல்லாம் அவள் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர், பகலில் அவள் தம் தெருவிற் குடிபுகுவதை விரும்பார். பொதுமக்கள் தரும் புகழ் வேறு, குடும்பத்தார் தரும் மதிப்பு வேறு என்னும் உண்மையை அம்மையார் இளமையிலேயே கற்றுக்கொண்டார்.

1917 ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்து கொழும்பு நகர் சென்று அங்கும் நாடகங்களில் நடித்தார். அந்நாளிற் கொழும்பில் வாழ்ந்த தமிழ் வணிகரும் தொழிலாளரும் தமிழகத்து நாடகங்களைப் பெரிதும் விரும்பினர். தமிழகத்தில் பேரெடுத்த நடிகர் எவரும் ஒருமுறையேனும் கொழும்பு மேடையை மிதியாது இரார். பெண்வேடத்தோடு ஆண்வேடமும் தாங்கிச் சுந்தராம்பாள் ஆங்கே தம் திறத்தை நாட்டினார். தாயும் உடன்பிறந்தாரும் அவர் வருவாயால் வறுமை நீங்கினர்.

இனி, அவர் வாழ்க்கையோடு பிரிக்கலாகாவாறு பிணைந்த மற்றொருவரை ஈண்டு அறிமுகம் செய்தல் வேண்டும். அவர் செங்கோட்டைக் கிட்டப்பா ஆவர். 1906 ஆம் ஆண்டில் எளிய அந்தணர் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். அவரையும் வறுமையே சிறுவயதில் மேடைக்குத் துரத்தியது. தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா உச்ச நிலையிற் குரலை நிறுத்திப் பாடும் ஆற்றல், சங்கீத வித்துவான்களையும் தலையசைக்கச் செய்தது. அவர்க்கு 1924 ஆம் ஆண்டிற் கிட்டம்மாள் என்னும் பெண்ணை மணமுடித்து வைத்தனர்.

1926 ஆம் ஆண்டு கொழும்பு மேடையிலே கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் முதன்முறையாகச் சேர்ந்து நடித்தனர். அவர்கள் நடித்த நாடகங்களுட் சிறந்தது வள்ளி திருமணம். தினைப்புனத்திற் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி கடியும் வள்ளி, நம்போன்ற மலைவாணர் வீட்டுப் பெண்ணன்றோ! அவ்வள்ளியாகச் சுந்தராம்பாள் நிற்பார். வேலனாகக் கிட்டப்பா வருவார். ஒருவர் ஓர் அடியை உச்சியிற் கொண்டுபோய் நிறுத்த, மற்றவர் அதனை அங்கிருந்தே எடுத்துப் பின்னும் உயர்த்துவார். கதையை மறந்து இவ்விசைப் போரையே காண மக்கள் திரண்டனர். ஒத்த குரலால் நெருங்கிய இருவரும் உள்ளத்தாலும் ஒன்றி, 1927 ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டனர். அப்பொழுது இருவரும் இளம் அகவையினரே.

அதன்பின் அவ்விருவர் பெயரும் ஒருங்கே அச்சிட்ட விளம்பரத்தைக் கண்டால், பல கல் தொலைவினின்றும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மக்கள் வருவாராயினர். கிராமபோன் இசைத்தட்டுக்கள் அவர்கள் குரலை அவர்கள் செல்லாத ஊர்களுக்கும் கொண்டு சென்றன. கண்டோர், இவர்க்கு மேல் இன்புற்று வாழ்வார் யார் என்று எண்ணியிருப்பர். ஆனால் மேடையில் விளக்கு அணைந்தபின் அம்மையார்க்கு வாய்த்த வாழ்க்கை வேறு.

கிட்டப்பாவின் செங்கோட்டை இல்லத்தில் முதல் மனைவி இருந்தார். அவர் உறவினர், வேற்றுக் குலத்தைச் சேர்ந்த நாடகப் பெண்ணைத் தம் வீட்டு மருமகளாக ஏற்க மனம் கொள்ளவில்லை. ஆடவன் ஒருவன் மனைவி இருக்கவே மற்றொருத்தியை மணத்தலை அந்நாளைய இந்து சட்டம் தடுத்ததில்லை. ஆனால் அங்ஙனம் வந்தவளுக்கு அவ்வில்லத்தில் உரிய இடத்தைத் தருமாறு எச்சட்டமும் எவரையும் பணித்ததுமில்லை. எனவே மாலை சூடியும் அம்மையார் மருமகளாகவில்லை. கணவர் வருங்கால் வாழ்வு, வாராக்கால் காத்திருத்தல் என்னும் நிலை அவர்க்கு நேர்ந்தது. தொழிலிலோ ஓய்வில்லை. தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பும் குறைந்ததில்லை. உள்ளத்தில் எத்துயர் இருப்பினும், திரை உயர்ந்தவுடன் வள்ளி முகமலர்ச்சியோடு பாடியே தீர்தல் வேண்டும்.

அந்நாட்களில் அம்மையார் கணவர்க்கு எழுதிய கடிதங்கள் சில அழியாது காக்கப்பெற்றுப் பிற்காலத்தில் அச்சாகியும் உள்ளன. அவற்றை வாசிப்பார் நெஞ்சம் கரையும். புகழேணியின் உச்சியில் நின்ற ஒரு பெண், வந்து பார்த்துச் செல்லுமாறு தம் கணவரை வேண்டிய ஏக்கமும், பிறர் கூறும் பழிமொழிகளால் அடைந்த மனத்தாங்கலும், அதனிடையேயும் குறையாத அன்பும் அவற்றில் விளங்குகின்றன. அவர் ஒரு குழவியை ஈன்றார். அதுவும் பிறந்து சில நாட்களிலேயே மறைந்தது. மகவை இழந்த தாய் சில காலம் கழித்து மீண்டும் மேடையேறினார். வேறு வழி அவர்க்கு இல்லை.

இவ்விடத்தே நாம் ஒருவரைக் குற்றம் சாட்டி மற்றவரைப் போற்றிவிடுதல் எளிது. அங்ஙனம் செய்தல் முறையன்று. கிட்டப்பாவும் சிறுவயது முதல் குடும்பத்தார்க்கு உழைத்து ஓய்ந்தவர். இரண்டு இல்லங்களுக்கிடையே நின்று எதனையும் துணிய இயலாது தளர்ந்தவர். செங்கோட்டையில் இருந்த கிட்டம்மாளின் துயரமும் சிறிதன்று. மேடைப் பெண்ணின் கண்ணீரை நாடு அறிந்தது. வீட்டுப் பெண்ணின் கண்ணீரை அறிவார் இலர். ஒருவன் முறையாக ஆய்ந்து செய்யாத ஒரு செயல், இரண்டு பெண்களையும் அவனையும் ஒருங்கே வருத்திற்று என்பதே உண்மை.

அத்துயரோடு மதுவும் சேர்ந்தது. இரவெல்லாம் பாடிய களைப்பைத் தீர்க்க என்று தொடங்கும் குடி, பின்னர் மனக்கவலையைத் தீர்க்க என்று வளர்ந்து, முடிவில் உடலையே தீர்த்துவிடும். கிட்டப்பாவின் குடல் கெட்டது. மருத்துவம் பயனளிக்கவில்லை. 1933 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள், இருபத்தேழு வயதில், அவ்வொப்பற்ற குரல் அவிந்தது. சுந்தராம்பாளுக்கு அப்பொழுது அகவை இருபத்தைந்து.

அம்மையார் வெள்ளுடை பூண்டார், அணிகலன்களைத் துறந்தார், நெற்றியில் திருநீறன்றி வேறொன்றும் இடார் ஆயினார். இனி எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு, இறுதிவரை அதனைக் காத்தார். கணவர் உயிரோடு இருந்தகாலை மனைவி என்று ஏற்கத் தயங்கிய உலகம், அவர் இறந்தபின் இவரைக் கைம்பெண் என்று ஏற்கத் தயங்கவில்லை. இதனை நினைக்குந்தோறும் என் நெஞ்சு வருந்துகின்றது. மனைவிக்குரிய இடத்தைத் தர மறுத்தார், கைம்மைக்குரிய கடமையை மட்டும் முழுதும் தந்தனர்!

வேறொருவராயின் அத்துடன் ஒடுங்கியிருப்பர். அம்மையாரோ தம் குரலை நாட்டிற்கு அளித்தார். தேசபக்தர் தீரர் சத்தியமூர்த்தி கலைஞர்களைத் தேசத்தொண்டிற்கு அழைத்தகாலை, சுந்தராம்பாள் கதர் உடுத்துக் காங்கிரசு மேடைகளிற் பாடினார். சொற்பொழிவாளர் நெடுநேரம் பேசியும் விளக்க இயலாத நாட்டுப்பற்றை, எழுத்தறியா மக்களிடத்தும் ஒரு பாட்டால் விளைத்தார். காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்திற்கு எழுந்தருளி உணவு கொண்டார் என்றும், உணவிட்ட பொற்றட்டையும் அடிகள் கேட்டுப் பெற்று ஏலத்திற்கு விட்டுப் பொதுநிதியிற் சேர்த்தார் என்றும் மக்கள் இன்றளவும் பேசுவர். பசித்த பிள்ளையாக மேடையேறிய சிறுமியின் இல்லத்திற் பொற்றட்டு வந்ததும், அதனை அவர் பொதுநலத்திற்கு ஈந்ததும் அவர் உழைப்பின் உயர்வைக் காட்டும்.

பேசும்படம் தமிழகத்திற் பரவிய காலத்தில், பக்த நந்தனார் என்னும் படத்தில் நடிக்க அம்மையாரை வேண்டினர். ஆடவரோடு இணைந்து நடியார் ஆதலின், தாமே ஆண்வேடம் தாங்கி நந்தனாராக நடித்தார். சங்கீத வித்துவான் மகாராசபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்திற்காக அம்மையார் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். தென்னாட்டில் அதுகாறும் எந்நடிகரும் பெற்றறியாத தொகை அஃது. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. எனினும் ஒரு பெண்ணின் குரலுக்கு இத்துணை விலை உண்டு என்பதை நாடு கண்டது. பின்னர் 1940 ஆம் ஆண்டில் மணிமேகலையாக நடித்தார். 1953 ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த ஔவையார் படம் அவர் புகழை மலையளவு உயர்த்தியது. ஔவைப் பிராட்டியை நினைப்பார் எவர்க்கும், கோலூன்றி நிற்கும் சுந்தராம்பாளின் உருவமே இன்றும் மனக்கண் முன் தோன்றுகின்றது.

1964 இல் பூம்புகாரிற் கவுந்தியடிகளாகவும், 1965 இல் திருவிளையாடலில் ஔவையாராகவும், 1973 இல் காரைக்கால் அம்மையார் படத்தில் பேயுருக் கொண்ட அம்மையாராகவும் நடித்தார். 1969 இல் வெளிவந்த துணைவன் படத்திற் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது பெற்றார். 1970 இல் இந்திய அரசு பத்மஶ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் என்னும் பட்டத்தை வழங்கியது. காமராசர் காலத்தில் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியத் திரையுலகினின்று சட்டமன்றம் புகுந்தவருள் முதல்வர் அவரே என்பர். பிறந்த ஊரை மறவாது கொடுமுடியில் ஒரு திரையரங்கும் கட்டுவித்தார்.

அம்மையார் தாங்கிய வேடங்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஒன்று புலப்படும். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தி, காரைக்காலம்மையார் ஆகிய அனைவரும் இல்வாழ்க்கையிற் சேராதவர் அல்லது அதனைக் கடந்தவர். தம் வாழ்வில் நேர்ந்ததையே அவர் திரையிலும் வாழ்ந்தார் போலும்! அவற்றுட் கவுந்தியடிகள் வேடத்தை யான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. மாதவியின்பாற் சென்று மீண்ட கணவனோடு மதுரைக்கு நடக்கும் கண்ணகிக்கு வழித்துணையாக வந்தவர் கவுந்தி. கணவனைப் பிறரோடு பங்கிட்டுக்கொண்டு, பின்னர் அவனை முற்றிலும் இழந்த ஒரு பெண், முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்ணகிக்குத் துணையாகி நின்று நடித்தார். அவர் குரலில் அன்று நின்ற உறுதி, பயிற்சியால் மட்டும் வருவதன்று.

1980 ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்து, அம்மையார் உலகவாழ்வை நீத்தார். கணவர் மறைந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகள் அவர் வெள்ளுடையிலேயே வாழ்ந்தார். கூடி வாழ்ந்த காலமோ ஆறு ஆண்டுகளே.

அன்பர்களே! பெண் வெளியிற் சென்று தொழில் செய்யின் இல்லறம் கெடும் என்று கூறுவார் நம்மிடத்தும் உளர். அன்னோர் இவ்வரலாற்றையே தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டவும் கூடும். ஆராய்ந்து பார்ப்போம். சுந்தராம்பாளின் இல்லறத்தைக் கெடுத்தது அவர் தொழிலா? அத்தொழிலன்றோ அவ்விருவரையும் சேர்த்து வைத்தது! கெடுத்தவை வேறு. மனைவி இருக்க மற்றொரு மணம் நிகழ்ந்தது ஒன்று. வந்த பெண்ணைக் கணவனின் உறவினர் ஏலாமை மற்றொன்று. மது மூன்றாவது. இம்மூன்றும், பெண் வீட்டை விட்டு வெளியேறாத குடும்பத்தையும் கெடுக்க வல்லன. இவற்றுள் ஒன்றேனும் பெண்ணின் தொழிலால் விளைந்ததன்று என்பதை நடுநின்று ஆராய்வார் ஒப்புவர்.

நம் முன்னோர் காலத்தில் மலைப்பெண் வீட்டினுள் அடைந்து கிடந்தவளல்லள். சாமையும் தினையும் விளைவித்ததில் ஆணுக்கு நிகராக உழைத்தவள் அவள். அவள் உழைப்பின் அருமையை அறிந்தே, பெண்வீட்டார்க்குப் பரிசம் கொடுத்துப் பெண் கொள்ளும் வழக்கத்தை நம்மவர் வைத்திருந்தனர். வயலில் உழைத்த கை, இன்று மருத்துவமனையிலும் பள்ளியிலும் உழைக்கின்றது, அவ்வளவே வேறுபாடு. இரவுப் பணி முடித்து மலையேறி வரும் மருமகளைக் கண்டு, அடுப்பு மூட்டவில்லையே என்று முகம் சுளிக்கும் மாமியார், முன்னாளில் வயலினின்று தலைச்சுமையோடு வந்த தம்மை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவள் ஊதியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அவளைப் பற்றி அயலார் பேசும் பழிமொழிக்குச் செவி கொடுக்கும் கணவன், அக்கடிதங்களை எழுதிய கையை ஒருமுறை நினைத்தல் வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று கூற விழைகின்றேன். கிட்டப்பா மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1949 இல், சென்னை மாகாண அரசு இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. ஆனால் மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியற் பழங்குடியினர்க்கு அச்சட்டம் பொருந்தாது என அச்சட்டத்திலேயே விதித்துள்ளனர். மலையாளிகளாகிய நாம் இம்மாவட்டத்திற் பட்டியற் பழங்குடியினராகவே எண்ணப்படுகின்றோம். அஃதாவது, நம் பெண்மக்களின் இல்லறத்தைக் காக்கும் கடமையைச் சட்டம் பெரிதும் நம் வழக்கத்திடமே விட்டு வைத்துள்ளது. வழக்கம் என்பது யாது? நம் ஊர்க்கவுண்டரும் பெரியதனக்காரரும் கூடியிருந்து செய்யும் தீர்ப்பன்றோ! முதல் மனைவி கண்கலங்க மறுமணம் செய்ய வருவானுக்கு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு உடன்படும் பஞ்சாயத்து, சுந்தராம்பாளையும் கிட்டம்மாளையும் நம் மலையிலேயே மீண்டும் உண்டாக்குகின்றது.

2009 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், எக்குலத்தார் எச்சமயத்தார் ஆயினும் திருமணத்தைத் தொண்ணூறு நாட்களுள் பதிவு செய்யுமாறு பணிக்கின்றது. மலையிறங்கிச் சென்று பதிவு செய்தல் வீண் அலைச்சல் என்று எண்ணற்க. எழுத்தில் ஏறிய மனைவியை எளிதில் மறுக்க இயலாது. ஆதலின் நம் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும், தம் ஊரில் நிகழும் திருமணங்கள் பதிவு பெறுமாறு உதவுதல் வேண்டும். மதுவால் வருந்தும் இல்லங்களுக்குச் சென்று, இகழாது, இன்சொல்லால் ஆடவரைத் திருத்த முயலல் வேண்டும். மகள் ஈட்டும் பொருளில் ஒரு பகுதியேனும் அவள் பெயரால் அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேருமாறு பெற்றோரும் கணவரும் இடந்தருதல் வேண்டும்.

தாய்மார்களே! நுங்கட்கும் ஒன்று கூறுவேன். துயர் நேர்ந்த காலத்தும் அம்மையார் தம் தொழிலைக் கைவிடவில்லை. கணவரையும் மகவையும் இழந்த நிலையில், அவர் பற்றிக்கொண்ட ஊன்றுகோல் அவர் கற்ற கலையே. அதுவே பின்னர் அவரைத் தாங்கியது. நும் பெண்மக்கள் கற்ற கல்வியும் அத்தகையதே. மணம் முடிந்தது என்று அதனை மூட்டை கட்டி வைத்தல் வேண்டா. அதனோடு, அவள் பிறந்த வீட்டின் கதவு அவளுக்கு என்றும் திறந்தே இருக்கட்டும். நல்லதங்காளைக் கொன்றது பஞ்சம் மட்டுமன்று. பிறந்த வீட்டிற் சாத்திய கதவும் ஆகும்.

நம் மலைமேல் திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கி கட்டும்பொழுது, முருகனைப் பாடும் அம்மையாரின் குரல் இன்றும் பள்ளத்தாக்கெங்கும் கேட்கின்றது. இனி அக்குரலைக் கேட்குங்கால், அதனை நமக்குத் தந்தவர் தம் இல்லத்திற் பெறாது போன ஒன்றை நினைவு கூர்வோமாக. அதனை நம் வீட்டு மருமகட்கும் மகட்கும் தவறாது அளிப்போமாக. அதுவே அம்மையார்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.

கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார் புகழ் வாழ்க! நம் பெண்மக்கள் நல்வாழ்வு பெறுக!